குள்ளர்களும் நீங்களும்

கேள்வி: என் பெற்றோர் பிறந்த நாடு ஒன்று, நான் வளர்ந்த நாடு வேறு. வீட்டில் ஒரு மொழி, வெளியே இன்னொரு மொழி. இரண்டு இடத்திலும் நான் முழுதாக ஒட்டவில்லை. ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் கற்பனைக் கதைகளில் வரும் குள்ளர் இனத்தைப் பற்றிப் படித்தபோதுதான் என்னைப் போன்றவர்களைக் கண்டதாக உணர்ந்தேன். உலகில் இல்லாத ஓர் இனத்தை முன்மாதிரியாகக் கொள்வது சிறுபிள்ளைத்தனமா?

பதில்: இல்லை. நீங்கள் கண்டது அந்தக் கதைகளுக்குள் உண்மையிலேயே இருக்கிறது. 1955-இல் எழுதிய ஒரு கடிதத்தில் டோல்கீன், குள்ளர்களை யூதர்களைப் போலத் தாம் எண்ணுவதாகவும், குடியிருக்கும் இடத்தில் அவர்கள் ஒரே வேளையில் உள்ளூராராகவும் அயலாராகவும் இருப்பதாகவும், அந்நாட்டு மொழியைத் தங்கள் தனிமொழியின் சாயலோடு பேசுவதாகவும் குறிப்பிட்டார். இரு மொழிகளுக்கிடையே வளர்ந்த எவருக்கும் இந்த வருணனை நெஞ்சில் தைக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. 1937-இல் வெளிவந்த 'தி ஹாபிட்' நாவல், குள்ளர்களைப் பணத்தின் மதிப்பை நன்கறிந்த, கணக்குப் பார்க்கும் கூட்டம் என்கிறது. அந்த ஒப்புமையோடு சேர்த்துப் படித்தால், பணத்தாசை பிடித்தவர்கள் என்று யூதர்கள்மீது நெடுங்காலமாகச் சுமத்தப்பட்ட பழியின் நிழல் இவ்வரியில் விழுவதைக் காணலாம். எனக்கு இது ஆழமாக உறுத்துகிறது. கற்பனை இனங்களின் குறையே இதுதான்: ஓர் இனம் முழுவதற்கும் ஒரே குணத்தைப் பிறப்பிலேயே எழுதிவிடுகிறார்கள். பிறப்பை வைத்து உங்களை அளப்பவர்களிடம் சலித்துப்போன நீங்கள், அதே அளவுகோலை விரும்பி ஏற்க வேண்டியதில்லை.

ஆகவே இனத்தைவிட, அதில் ஒருவனான, 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் வரும் கிம்லியைப் பற்றிக்கொள்ளுங்கள். எல்ஃப்கள் என்னும் இன்னொரு கற்பனை இனத்தாருக்கும் குள்ளர்களுக்கும் பழம்பகை இருந்தும், எல்ஃப் அரசி கலாட்ரியல் என்ன பரிசு வேண்டுமென்று கேட்கையில் அவன் பொன்னை நாடாமல் அவள் கூந்தலில் ஓர் இழையைக் கேட்கிறான். அவள் மூன்று இழைகளைத் தருகிறாள். அக்லரோண்ட் குகைகளின் அழகில் மயங்கியபோதும், தன் இனத்தார் அவற்றைச் சுரங்கமாகத் தோண்டாமல் பேணிக் காப்பார்கள் என்று உறுதிபடச் சொல்கிறான். லெகோலாஸ் என்ற எல்ஃபுக்கு உற்ற நண்பனாகியும் அவன் குள்ளனாகவே இருக்கிறான்.

குள்ளர்கள் தங்கள் உண்மைப் பெயர்களைப் பிற இனத்தாரிடம் சொல்வதில்லை, கல்லறையில்கூடப் பொறிப்பதில்லை. இந்த மறைவு உங்களைக் கவர்ந்திருக்கலாம். எனினும் வீட்டு மொழியைப் பூட்டிவைக்க அதைச் சான்றாக்காதீர்கள். குள்ளர்களின் பழைய நிலத்தடி நகரான மோரியாவின் இருளில், மூதாதை டூரினைப் பற்றிய பாட்டை கிம்லி எல்லோருக்கும் கேட்கும்படி, பல இனத்தாருக்கும் பொதுவான மொழியில் பாடுகிறான். அதைக் கேட்ட பயணத் தோழன் சாம், அதைத் தானும் கற்க விரும்புவதாகச் சொல்கிறான். உங்கள் வீட்டுக் கதைகளில் ஒன்றை நெருங்கிய நண்பர் ஒருவருக்கு, அவருக்குப் புரியும் மொழியிலேயே, இப்படிச் சொல்லிப் பாருங்கள்.