தோல்முட்டை இடும் கோழிகளுக்குக் கிளிஞ்சல் வையுங்கள்

உங்கள் ஆறு நாட்டுக்கோழிகளில் இரண்டு ஓடில்லாத தோல்முட்டை இடுவதற்கு, கம்பும் குருணையும் தவிடும் மட்டுமே தருவதாக நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், சுண்ணாம்புச் சத்துக் குறைவே பெரும்பாலும் காரணம். இன்று மாலையே கிளிஞ்சலை ஒன்றிரண்டாக உடைத்துத் தனிச் சட்டியில் வையுங்கள்.

ஒரு முட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. தானியத்தில் அதில் சிறு பங்குகூடக் கிடைக்காது. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆவதோடு, அதில் பெரும்பகுதி கோழி அடைந்திருக்கும் இரவில் நடப்பதால், மாவாக அரைத்ததைவிட, அரைவைப்பையில் (இரையை அரைக்கும் வயிற்றுப் பகுதி) தங்கி மெல்லக் கரையும் துண்டுகளே அதிகம் உதவும். தீவனத்தோடு கலக்க வேண்டாம்; தேவைப்படும் கோழி தானே கொத்திக்கொள்ளும். (காயவைத்து நொறுக்கிய முட்டை ஓடும் உதவும், ஆனால் ஆறு கோழிகளுக்கு அது போதாது.)

பத்து நாள் கழித்தும் ஓடு தேறவில்லையென்றால், நண்பகலில் அவை வாயைத் திறந்து இரைக்கின்றனவா என்று கவனியுங்கள். அப்படி இரைக்கும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறைந்து ஓடு மெலியும்; நிழலும் குளிர்ந்த நீரும்தான் அதற்கு மருந்து.

ஓடு வரிவரியாகச் சுருங்கி, வெள்ளைக்கரு நீர்த்து, கோழிக்குத் தும்மலும் இருந்தால் அது தொற்றுநோயாக இருக்கலாம் என்பதால், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். குஞ்சுகளுக்கு இந்தச் சட்டி எட்டக் கூடாது. மிகுதியான கால்சியம் அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.