பழைய மாளிகைக்குள் எத்தனை வீடுகள் அடங்கும்?

கேள்வி: நெடுங்காலமாகப் பூட்டிக் கிடக்கும் எங்கள் குடும்பத்து மாளிகை நூறு ஆண்டுகளைக் கடந்தது. அதைச் சொகுசுக் குடியிருப்புகளாக மாற்றித் தருவதாக ஒரு கட்டுமான நிறுவனத்தார் முன்வந்திருக்கிறார்கள். உதிரும் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தியெடுத்துச் சிமெண்ட் பூசி, பெரிய கூடத்தை இரண்டு வீடுகளாகத் தடுக்கலாம் என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: இரண்டுக்குமே இப்போது சம்மதிக்க வேண்டாம். சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய தடித்த சுவர், தான் உறிஞ்சிய ஈரத்தை மேற்பரப்பின் வழியாகவே வெளியேற்றி உலர்கிறது. அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தேங்கி, உப்புப் பூத்துச் செங்கல்லின் முகம் பொடிப்பொடியாக உதிரும். சுவருக்குள் பதிந்திருக்கும் உத்திரங்களின் முனைகளும், வெளியே ஒன்றும் தெரியாமலே மக்கிப்போகும். பூச்சை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொள்ளலாக ஒலிக்கும் இடம் சுவரை விட்டு விலகியிருக்கிறது. அதை மட்டும் எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்புக் காரையே பூசினால் போதும். அதற்கும் முன்னால், அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாய்களையும் கூரை ஒழுக்கையும் சரிசெய்யுங்கள்; கேட்பாரற்றுக் கிடந்த கட்டடங்களில் பாதி நோய் அங்கிருந்துதான் இறங்குகிறது.

கூடத்தின் விஷயம் இன்னும் சிக்கலானது. பழங்கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயன்படுத்துவது நல்லதே, ஆனால் அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்கிறது, பழங்கட்டடங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம். அதை எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றினால் ஒரு மாளிகையையும் குடியிருப்புகளாக்க முடியாது என்பது என் எண்ணம். இருந்தாலும், கூரையின் பூவேலையை நடுவில் வெட்டிக்கொண்டு ஒரு தடுப்புச் சுவர் போகும் வீட்டைச் சொகுசு வீடு என்று எப்படி விற்பார்கள்? லண்டன் பிக்கடிலியில் உள்ள ஆல்பனி, 1770களில் ஒரு பிரபுவுக்காகக் கட்டடக் கலைஞர் வில்லியம் சேம்பர்ஸ் கட்டிய மாளிகை. 1802இல் அதைக் குடியிருப்புகளாக மாற்றும் பொறுப்பை ஏற்ற ஹென்றி ஹாலந்து, எல்லாவற்றையும் மாளிகைக்குள் திணிக்காமல், பின்புறத் தோட்டத்தில் இரண்டு நீண்ட கட்டட வரிசைகளை எழுப்பி, நடுவே கூரையிட்ட நடைபாதை அமைத்தார். உங்களுக்கும் பின்கட்டில் இடமிருந்தால், கூடத்தை ஒரே வீட்டுக்கு முழுதாக விட்டுவிட்டு, குறையும் வீட்டை அங்கே கட்டச் சொல்லுங்கள்.

மரத்தளம் என்றால், மாடியில் நடப்பவரின் காலடி கீழே கேட்கும். ஒலித்தடுப்புக்குத் தனியே செலவாகும். எத்தனை வீடுகள் என்று ஒப்பந்தத்தில் எழுதுவதற்கு முன், ஒவ்வொரு குளியலறையின் கழிவுநீர்க் குழாயும் எந்தச் சுவரைத் துளைத்து எப்படி இறங்குகிறது என்று காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.