கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு வந்துவிட்டேன்

கேள்வி: எங்கள் ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறோம். போன கிராம சபைக் கூட்டத்துக்கு நானும் போயிருந்தேன். எங்கள் தெருவுக்கு தினமும் தண்ணீர் வருகிறது. காலனிக்கு நாலு நாளைக்கு ஒருதரம்தான். தொட்டி ஒன்றுதான். காலனியிலிருந்து ஒரு அம்மா எழுந்து கேட்டபோது, “அப்புறம் பார்க்கலாம்” என்று உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. “கடைக்காரனுக்கு எதுக்கு ஊர் அரசியல்?” என்கிறார் கணவர். நான் செய்தது சரியா?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, சரியில்லை. அது உங்களுக்கே தெரிந்ததால்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அக்கறை இல்லாதவர் என்று உங்களை நான் நினைக்கவில்லை. நீங்கள் பயந்திருக்கிறீர்கள். அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது.

என் அப்பா டீக்கடை நடத்தினார். கல்லாவுக்கு மேலே சிவப்பு எழுத்தில் ‘இங்கு அரசியல் பேசாதீர்கள்’ என்று போர்டு. அதே கடையின் கூரை ஓலையில் நசுங்கிய அலுமினிய டம்ளர்கள் நாலைந்து செருகியிருக்கும். காலனிக்காரர்கள் அவர்களே எடுத்து, குடித்து, கழுவி, திரும்பச் செருகிவிட்டுப் போக வேண்டும். அப்பா நல்ல மனிதர். ஊரைப் பகைத்துக்கொள்ளப் பயந்தார், அவ்வளவுதான். எனக்கு அப்போது பதினாறு வயது. இது ஏன் என்று ஒரு நாள்கூட அவரிடம் நான் கேட்கவில்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னிடமே இருக்கிறது.

அதனால், முதலில் உங்கள் வீட்டில் பேசுங்கள். கடன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் வாய் திறந்தால் யார் யார் கடைக்கு வராமல் போவார்கள் என்று இருவரும் உட்கார்ந்து எண்ணிப் பாருங்கள். ‘ஊரே’ என்று பயந்தது எட்டுப் பத்து வீடாக இருக்கலாம். இருபதாகவும் இருக்கலாம். எதுவானாலும் தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

அப்புறம், கூட்டத்தில் எழுந்த அந்த அம்மாவைப் போய்ப் பாருங்கள். அவர்களுக்காகப் பேசுகிறேன் என்று நீங்களாகக் கிளம்ப வேண்டாம். இதற்கு முன்னால் எத்தனை மனு கொடுத்தார்கள், என்ன ஆனது, உங்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மகளிர் குழுவில் நம்பிக்கையான இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தமிழ்நாட்டில் இப்போது வருடத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. இதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். இந்தக் கேள்விக்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. யாரையும் குற்றம் சொல்ல வேண்டாம். “எந்தத் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் வால்வு திறக்கிறீர்கள்? அதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்” என்று மட்டும் கேளுங்கள். எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆள் இல்லாமல் சபை செல்லாது. ஆகவே உங்கள் கையெழுத்து அவர்களுக்கு வேண்டும். பிறகு தீர்மான நகலைத் தர மறுத்தால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மனு போடுங்கள். 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்குப் பக்கத்து மாவட்டமான மதுரையில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளை நினைத்துப் பாருங்கள். தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டதால் 1996 முதல் பத்து வருடம் அங்கே முறையாகத் தேர்தல் நடத்த முடியவில்லை. இயக்கங்களும் அதிகாரிகளும் ஊர்க்காரர்களில் சிலரும் விடாமல் பேசிப் பேசித்தான் 2006இல் நடந்தது. உங்கள் ஊர் விஷயம் ஒரு வால்வு. அதற்கும் ஒரே கூட்டம் போதாமல் போகலாம், அடுத்ததிலும் கேளுங்கள்.

கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் எதுவும் பேச வேண்டாம். நீங்கள் எழுந்து நிற்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.