தலைவலிக்குப் பின்னந்தலையில் 'நெர்வ் பிளாக்' ஊசி (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி) போடலாம் என்கிறார் டாக்டர். போட்டுக்கொண்டவர்கள் உண்டா? வலிக்குமா, குணமாகுமா?

நான் மூன்று முறை போட்டுக்கொண்டிருக்கிறேன், ஒற்றைத் தலைவலிக்கு. மண்டைக்குள்ளேயே ஊசியை இறக்குவார்கள் என்று நினைத்து முதல் நாள் ராத்திரி தூங்கவே இல்லை. அப்படியெல்லாம் இல்லை. மண்டையோட்டுக்கு வெளியேதான் போடுகிறார்கள்.

பின்னந்தலை நடுவில் ஒரு எலும்புப் புடைப்பு கையில் தட்டுப்படும். காதுக்குப் பின்னால் இன்னொன்று. டாக்டர் என்னைக் குனிந்து உட்காரச் சொல்லி, இரண்டுக்கும் நடுவே விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் "ஆ" என்றேன். "இதுதான் ஆக்ஸிபிட்டல் நரம்பு" என்றார். மெல்லிய ஊசி, இரண்டு மூன்று மில்லி மருந்து. குத்துவது பெரிதில்லை, மருந்து இறங்கும்போது சுருக்கென்று எரியும், சில விநாடிதான். கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தைச் சொறிந்தால் வேறு யார் தலையையோ சொறிவது போல இருந்தது. நான் சட்டென்று எழுந்து நின்று, தலைசுற்றி மறுபடி உட்கார்ந்தேன். நீங்கள் நிதானமாக எழுந்திருங்கள்.

எனக்கு வலி நெற்றியில், ஊசி ஏன் பின்னால் என்று கேட்டேன். நெற்றி, கண் பக்கத்து நரம்பும் பின்னந்தலை நரம்பும் கழுத்துத் தண்டுவடத்தின் மேல்பகுதியில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகின்றனவாம். ஒன்றை அமர்த்தினால் மற்றதும் அடங்கும். மரப்பு சில மணி நேரத்தில் போய்விட்டது, வலியோ மூன்று வாரம் எட்டிப் பார்க்கவில்லை.

இரண்டாவது முறை நாலே நாள்தான். தப்பு என் பக்கம். மாதத்தில் 15 நாளுக்கு மேல் வலி மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்று அப்போது தெரியாது. மூன்றாவது ஊசி போட்ட கையோடு மாத்திரையை டாக்டர் மேற்பார்வையில் குறைத்தேன். அதுதான் பலன் தந்தது. அதனால் குணமாகுமா என்றால், ஆகாது. மூச்சு விட அவகாசம் கிடைக்கும்.

மருந்து வெறும் லிக்னோகைன் என்ற மரப்பு மருந்தா, ஸ்டீராய்டும் சேர்த்தா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிளஸ்டர் தலைவலிக்கு (ஒரு பக்கக் கண்ணைச் சுற்றி விட்டு விட்டு வரும் கடும் வலி) ஸ்டீராய்டு சேர்ப்பதில் பலன் உண்டு. ஆனால் சர்க்கரை ஏறும், ஊசி போட்ட இடத்தில் முடி கொட்டவும் செய்யலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மண்டையில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

திடீரென்று இடி விழுந்த மாதிரி வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.