மீன் பர்கர் கல்லில் ஏன் உடைகிறது?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம்ங்க. போன ஞாயிற்றுக்கிழமை உக்கடம் மார்க்கெட்டில் பாறை மீனும் இறாலும் வாங்கி, பசங்களுக்கு பர்கர் செய்து பார்த்தேன். மீனை வேகவைத்து உதிர்த்து, உருளைக்கிழங்கு, முட்டை, எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்தேன். நம்ம ஊர் ருசி வரட்டும் என்று பள்ளிபாளையம் சிக்கனுக்குப் போடுகிற மாதிரி சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லும் போட்டேன். கல்லில் திருப்பும்போதே உடைந்துவிட்டதுங்க. மைதா சேர்த்தால் களி மாதிரி ஆகிறது. எங்கே தப்பு?

ஒரு வாசகி, சிங்காநல்லூர்

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் செய்தது கட்லெட். கிழங்கும் மேலே புரட்டும் ரஸ்க் தூளும் கட்லெட்டைத் தாங்கும். பர்கர் பேட்டியை, அதாவது பன்னுக்குள் வைக்கும் வட்டத் தட்டை, மீனின் சதைதான் தாங்க வேண்டும், அதற்கு மீன் பச்சையாக இருக்க வேண்டும். பச்சை மீனிலும் இறாலிலும் உள்ள புரதம் உப்புப் பட்டதும் கரைந்து பிசுபிசுப்பாக வெளியே வரும். கல்லில் சூடேறும்போது இறுகித் துண்டுகளைக் கட்டிக்கொள்ளும். முன்பே வேகவைத்த மீனில் அந்தப் பிசின் இல்லை. எலுமிச்சையும் கெடுதல்தான். புளிப்புப் பட்ட பச்சை மீன் வெந்தது போல வெளுத்து நீர் விடும். சாற்றைச் சாப்பிடும்போது பிழிந்துகொள்ளுங்கள்.

நாலு பேட்டிக்கு முள்ளும் தோலும் நீக்கிய பாறை 300 கிராம், உரித்த இறால் 200 கிராம். தலையும் ஓடுமாக என்றால் 400 கிராம் இறால் வாங்க வேண்டும். உப்பு 7 கிராம், அதாவது தூள் உப்பில் ஒரு தேக்கரண்டியும் ஒரு சிட்டிகையும். பிரெட் தூள் 3 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி கொஞ்சம். வஞ்சிரத்துக்குக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. அணை மீனான ரோகு, கட்லா வேண்டாம். சதைக்குள் கவட்டை முள் இருக்கும். சூரை மலிவாகக் கிடைத்தால், ஐஸில் இருந்ததா என்று பார்த்து வாங்குங்கள். சூட்டில் கிடந்த சூரையிலும் அயிலையிலும் ஹிஸ்டமின் என்ற, ஒவ்வாமை போலப் படுத்தும் பொருள் சேரும். எவ்வளவு வேகவைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து அரிப்பெடுக்கும்.

கடல் இல்லாத நம் பக்கத்துக்கு மீன் ஐஸில்தான் வருகிறது, அந்த ஈரம் பேட்டியைக் குலைக்கும். கழுவிய மீனையும் இறாலையும் பருத்தித் துணியில் சுற்றி அழுத்தித் துடைத்து, கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். மிக்ஸி ஜாரையும் கூடவே வையுங்கள். அரைக்கும்போது ஜார் சூடானால் புரதம் கெட்டு எண்ணெயும் நீருமாகப் பிரியும்.

பாதி இறாலை உப்போடு, நிறுத்தி நிறுத்தி விழுதாக அரையுங்கள். மீதி இறாலையும் மீனையும் கத்தியால் மொச்சைக்கொட்டை அளவுக்கு நறுக்குங்கள். எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டால் ரப்பர் போல ஆகிவிடும். விழுது, துண்டுகள், மற்றவை எல்லாம் சேர்த்து ஒரே பக்கமாகச் சுற்றி இரண்டு நிமிடம் பிசையுங்கள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அப்பிக் கையைக் கவிழ்த்துப் பாருங்கள். விழாமல் தொங்கினால் பதம். விழுந்தால் இன்னும் ஒரு நிமிடம் பிசையுங்கள், மாவு சேர்க்காதீர்கள்.

நாலாகப் பிரித்து, இரண்டு சென்டிமீட்டர் கனத்தில், பன்னைவிட ஒரு விரல் அகலமாகத் தட்டுங்கள், வெந்ததும் சுருங்கும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜ். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காயவிட்டு, கடலை எண்ணெய் ஊற்றி, மிதமான தீயில் நாலு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் சிவந்து இறுகினால் தானாகவே கல்லை விட்டுவிடும். அதற்கு முன் திருப்பினால்தான் உடைகிறது. மறுபக்கம் மூன்று நிமிடம். நடுவில் கண்ணாடி போலத் தெரியும் சதை இருக்கக் கூடாது.

தேங்காய்ச் சில்லு உள்ளே இருந்தால் ஒவ்வொரு சில்லைச் சுற்றியும் விரிசல் விடும். ஆனால் உங்கள் யோசனை அருமையானது, இடம்தான் மாற வேண்டும். 15 சின்ன வெங்காயம், விதை நீக்கிய 4 வரமிளகாய், ஒரு பிடி தேங்காய்ச் சில்லு, கறிவேப்பிலை இவற்றைக் கடலை எண்ணெயில் சில்லின் ஓரம் சிவக்கும் வரை வதக்கி, பேட்டியின் மேல் வையுங்கள். மீனின் மென்மைக்கு அந்தக் கடிபடும் தேங்காய் ரொம்பப் பொருத்தம்.

பேக்கரியில் இனிப்பு பன் வேண்டாம், பர்கர் பன் என்று கேட்டு வாங்குங்கள். வெட்டிய பக்கத்தை வெண்ணெய் தடவிக் கல்லில் சிவக்க விட்டால் சாறு இறங்கி ஊறாது. பச்சை முட்டை மயோனைசுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது கிருமித் தொற்றுக்காகத்தான்; பசங்களுக்கு என்பதால் துணியில் வடித்த கெட்டித் தயிரில் உப்பும் மிளகும் கலந்து தடவுங்கள். தட்டிய பேட்டி மிஞ்சினால் ஒன்றோடொன்று ஒட்டாமல் இடையில் பட்டர் பேப்பர் வைத்து ஃபிரீசரில் அடுக்கலாம். ஒருமுறை உறைந்து இளகிய இறால் என்றால் மறுபடி உறைய வைக்காமல் அன்றைக்கே சுட்டுவிடுங்கள்.