ஒற்றை அண்டாவில் பியர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மெல்பர்னில் ஓர் அடுக்ககத்தில் வசிக்கிறேன். டப்பாவில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சாற்றைக் கொண்டு இரண்டு ஆண்டுகளாக வீட்டில் பியர் செய்துவருகிறேன். இனித் தானியத்திலிருந்தே தொடங்க விருப்பம். மூன்று பாத்திரங்களுக்கும் கேஸ் அடுப்புக்கும் இடமில்லை. ஆகவே 35 லிட்டர் எவர்சில்வர் அண்டா ஒன்றுக்குள் மின்சார எலிமெண்ட், பம்ப், தானியக் கூடை எல்லாவற்றையும் அடக்கிவிடத் திட்டமிட்டிருக்கிறேன். சீக்கிரம் கொதிப்பதற்காக 3600 வாட் எலிமெண்ட் போடலாமா? வெப்ப உணரியை எலிமெண்ட்டை ஒட்டி அடியில் வைப்பது சரியா? நான் யோசிக்கத் தவறியது ஏதேனும் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் முதல் இரண்டு கேள்விகளும் சூட்டைப் பற்றியவை. ஆனால் ஒற்றை அண்டா முறையில் நான் கண்ட தோல்விகளில் பெரும்பாலானவை சாற்றின் ஓட்டம் தடைப்பட்டதால் வந்தவை என்பதால், மூன்றாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன்.

உடைத்த மால்ட்டை ஏறத்தாழ 66 டிகிரி நீரில் ஒரு மணி நேரம் ஊற வைக்கும்போது, அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. அந்த நேரம் முழுவதும் பம்ப் அடியிலிருந்து சாற்றை இழுத்து மேலே ஊற்ற, அது தானியப் படுகை வழியாக இறங்கி, இட்லித் தட்டைப் போலத் துளையிட்ட அடித்தட்டைக் கடந்து மறுபடி எலிமெண்ட்டுக்கு வருகிறது. வடிகட்டியாக இருப்பது தட்டு என்று தோன்றும். உண்மையில் வடிகட்டுவது மால்ட்டின் உமிதான், தட்டு அதைத் தாங்குகிறது. உமி நொறுங்கிப்போனால் படுகை களியாக இறுகிவிடும்.

என் முதல் அண்டாவில் இதுதான் நடந்தது. உருளை ஆலை கையில் இல்லாததால் ஐந்து கிலோ மால்ட்டை மிக்ஸியில் அரைத்தேன். பம்ப் ஓடத் தொடங்கிய சிறிது நேரத்தில் கூடையின் மேல் சாறு ததும்பியது. மேலே நிறைய நீர் தெரிந்ததால் எல்லாம் சரியாக இருப்பதாகவே நினைத்தேன். கீழே அதற்குள் வற்றிப்போய், எலிமெண்ட் பாதி வெளியே தெரிய நின்று எரிந்துகொண்டிருந்திருக்கிறது. கூடையைத் தூக்கியபோது தீய்ந்த வாடை முகத்தில் அடித்தது. காயிலின் மேல் அரை விரல் கனத்துக்குக் கருப்பாகப் படிந்திருந்த மாவைக் கரண்டிக் காம்பால் சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். அடிப்பிடித்த பாயசத்தை எந்த ஏலக்காயும் மீட்காது என்பதுபோல, அந்த வாடையை, கசப்புக்காகச் சேர்க்கும் எந்த ஹாப்ஸ் பூவும் மறைக்கவில்லை. அவ்வளவையும் கொட்ட வேண்டியதாயிற்று.

ஆகவே மால்ட்டை உருளை ஆலையில், ஒரு மில்லிமீட்டரோ சற்றுக் கூடுதலோ இடைவெளி வைத்து, உமி பெரிதாகவே இருக்கும்படி உடையுங்கள். பம்ப்பின் வெளிவாயில் ஒரு வால்வு கட்டாயம் வேண்டும். மால்ட்டைக் கொட்டிக் கிளறிய பின் பத்து நிமிடம் பம்ப்பைத் தொடாமல் விட்டு, பிறகு வால்வைச் சிறிதளவே திறந்து, கூடையின் மேல் நீர்மட்டம் ஏறாத அளவில் நிறுத்துங்கள். கூடையின் நடுவே ஒரு வழிந்தோடு குழாயும், அண்டாவின் அடியில் வற்றினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் வெப்பத் துண்டிப்பானும் இருக்கட்டும். ஜெர்மனியின் பிரவ்மைஸ்டர் கருவி சாற்றைக் கீழிருந்து மேலாகத் தள்ளுகிறது. நியூசிலாந்தின் கிரெய்ன்ஃபாதர் மேலிருந்து கீழாக விடுகிறது. வீட்டில் செய்பவருக்கு இரண்டாவதே எளிது. முதலாவதில் கூடைக்கும் அண்டாவுக்கும் இடையே கசியாத அடைப்பு தேவைப்படும், அதைக் கையால் செய்வது கடினம்.

இனி 3600 வாட். ஆஸ்திரேலியாவின் சாதாரண வீட்டுச் சாக்கெட் 10 ஆம்பியர் தாங்கும். அதாவது 2300, 2400 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது. 2200 வாட் உங்களுக்குத் தாராளம். கணக்கு இதுதான்: 26 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 70க்குக் கொண்டுவர ஏறத்தாழ 5,440 கிலோஜூல் தேவை, 2200 வாட்டில் அது 41 நிமிடம். குளிர்ந்த மால்ட் ஐந்து கிலோ விழுந்ததும் 70 தானாகவே 66க்கு இறங்கிவிடும். ஊறி முடிந்தபின் சாற்றைக் கொதிக்க விடும்போது மணிக்கு மூன்று லிட்டர் அளவுக்கு ஆவியாகும், அது போதுமான கொதிப்பு. வாட்டைவிட முக்கியம், அந்தச் சூடு எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பது. ஒரே வாட்டில் நீளமான எலிமெண்ட் அடிப்பிடிக்காது, குட்டையானது பிடிக்கும். முடிந்தால் 1700, 500 என இரண்டாகப் பிரித்து, மால்ட் ஊறும்போது சிறியதை மட்டும் எரியவிடுங்கள்.

அண்டாவின் அளவு சரிதான், ஆனால் மொத்த நீரையும் தொடக்கத்திலேயே ஊற்றிவிடாதீர்கள். 32 லிட்டர் நீருடன் ஐந்து கிலோ மால்ட் சேர்ந்தால் 35 லிட்டரைத் தாண்டி வழியும். 26 லிட்டரில் ஊற வைத்து, கூடையைத் தூக்கி நிறுத்தியபின் மீதி ஆறு லிட்டரை 78 டிகிரிக்கு மிகாமல் சூடாக்கி மேலே ஊற்றுங்கள். தானியம் ஐந்து லிட்டரைப் பிடித்துக்கொள்ளும், மூன்று ஆவியாகும், அடியில் கசடு போக 22 லிட்டராவது நொதிப்புக் கலனுக்குச் சேரும்.

வெப்ப உணரியை எலிமெண்ட்டை ஒட்டி வைத்தால் அது எலிமெண்ட்டின் சூட்டைத்தான் சொல்லும். படுகை இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருப்பது தெரியாமலே போகும். பம்ப்பின் வெளிக்குழாயில் வையுங்கள், அங்கே ஓடுவதுதான் தானியத்தின் மேல் விழுவது. படுகையின் நடுவே சாதாரண வெப்பமானி ஒன்றைக் குத்தி, இரண்டையும் ஒப்பிட்டுக்கொண்டே இருங்கள். 65க்குக் கீழே பியர் மெலிந்து வறண்டு முடியும், 69ஐத் தாண்டினால் கனமாகத் தங்கிவிடும்; இந்தச் சிறிய வித்தியாசத்தில்தான் குடிப்பவருக்குத் தெரியும் சுவை இருக்கிறது.

மின் இணைப்பை உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன். ஈரக் கைகளும் 230 வோல்ட்டும் சேருமிடம் இது. அண்டாவின் உடல் எர்த்துடன் இணைந்திருக்க வேண்டும், 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்க வேண்டும். எலிமெண்ட்டை இயக்கும் மின்னணு ஸ்விட்ச்சான சாலிட் ஸ்டேட் ரிலே ஆம்பியருக்கு ஏறத்தாழ ஒரு வாட் சூட்டை வெளியிடும் என்பதால், மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் அது தாங்காது. அலுமினிய வெப்பத் தகடு பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். அந்த ரிலே பழுதானால் பெரும்பாலும் அணையாமல், எரிந்துகொண்டே இருக்கும் நிலையில்தான் நின்றுவிடும். ஆகவே அதற்கு முன்னால் கையால் அணைக்கும் முதன்மை ஸ்விட்ச் ஒன்று வேண்டும்.

அடுக்ககம் என்பதால் மூன்று லிட்டர் நீராவியும் எங்கே போகும் என்று இப்போதே யோசியுங்கள். காற்று வெளியேற்றி இல்லாத சமையலறையில் சுவர் பூசணம் பிடிக்கும், பால்கனி நல்லது.

எல்லாம் பொருத்தியபின், மால்ட் வாங்குவதற்கு முன்னால், வெறும் நீரை 26 லிட்டர் ஊற்றி ஒருமுறை ஓட்டுங்கள். 20லிருந்து 70க்கு எத்தனை நிமிடம், ஒரு மணி நேரக் கொதிப்பில் எத்தனை லிட்டர் குறைந்தது, பம்ப்பின் இணைப்பில் எங்காவது சொட்டுகிறதா என்று குறித்து எனக்கு எழுதுங்கள். 50 நிமிடத்துக்கு மேல் ஆனால் அண்டாவைச் சுற்றி வெப்பக் காப்பு உறை தேவைப்படும், அதன் அளவை அப்போது சொல்கிறேன்.

அன்புடன்