முகத்தில் தோல் புற்று, மோஸ் அறுவை: கேட்டவர்களுக்குப் பதில்கள்

தோல் புற்றை அடுக்கடுக்காக வெட்டி, ஒவ்வொரு அடுக்கையும் அன்றே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுதான் மோஸ் அறுவை. மெல்பர்னில் அதைச் செய்யும் ஒரு கிளினிக்கின் ஆய்வகத்தில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். மருத்துவர் வெட்டித் தரும் தோலை உறையவைத்து, மெல்லிய சீவல்களாக்கி, சாயம் ஏற்றிக் கொடுப்பவள் நான்தான். நான் மருத்துவர் இல்லை என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். ஆனால் அந்த நாள் முழுக்க உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

கேள்வி: அக்கா, என் கணவர் இங்கே சிட்னிக்காரர். அவருடைய அப்பாவுக்கு மூக்கு நுனியில் பேசல் செல் கார்சினோமா என்ற தோல் புற்று இருப்பதாகப் பயாப்ஸியில் (சதைத் துண்டு எடுத்துப் பார்க்கும் சோதனையில்) வந்திருக்கிறது. மிளகளவுதான் இருக்கிறது. அதற்குப் போய் மோஸ் அறுவை, காலையில் வந்தால் சாயங்காலம் வரை இருக்க வேண்டும் என்கிறார்கள். ஏன்?

கண்ணுக்குத் தெரிவது மிளகளவு. தோலுக்கு அடியில் அது எந்தப் பக்கம் வேர் விட்டிருக்கிறது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் கொஞ்சம் வெட்டு, பார், மிச்சம் இருந்தால் இருக்கும் இடத்தில் மட்டும் மறுபடி வெட்டு என்று போகிறார்கள்.

மரத்துப்போக ஊசி போட்டபின், மருத்துவர் கத்தியைச் சாய்த்துப் பிடித்து ஒரு மெல்லிய அடுக்கை எடுப்பார். அது சின்ன அகல் விளக்கு போல இருக்கும். எது மேல்பக்கம், எது இடப்பக்கம் என்று தெரிய ஓரத்தில் ஒரு கீறல் வைத்து, நீலம், சிவப்பு என்று மை தடவி, மூக்கின் படம் வரைந்து அதிலும் அதே நிறங்களைக் குறிப்போம். அப்புறம் அது என் கைக்கு வரும். அகலின் விளிம்பை மெல்ல அமுக்கி, அடிப்பாகமும் ஓரமும் ஒரே தளத்தில் படியும்படி உறையவைக்க வேண்டும். என் வேலையில் கஷ்டமான இடம் இதுதான். ஒரு ஓரம் மடங்கிவிட்டாலும் அந்த இடம் சீவலில் வராது. வராத இடத்தில் புற்று இல்லை என்று சொல்ல முடியுமா? அதனால் மறுபடி சீவுவேன்.

தகடு தயாரானதும் வெட்டிய மருத்துவரே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். நீல மை ஓரத்தில் மட்டும் புற்றுச் செல் இருந்தால், படத்தைப் பார்த்து அந்த மூலையில் மட்டும் அடுத்த அடுக்கு எடுப்பார். ஒரு சுற்றுக்கு ஒன்று, ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். மாமனார் அந்த நேரமெல்லாம் கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே உட்கார்ந்திருப்பார். ஒரு புத்தகமும் சாப்பாடும் கொடுத்து அனுப்புங்கள்.

கேள்வி: சாதாரணமாக வெட்டினாலும் லேபுக்கு அனுப்பித்தானே பார்க்கிறார்கள்? என்ன பெரிய வித்தியாசம்?

நல்ல கேள்வி. வழக்கமான முறையில் வெட்டிய துண்டை ரொட்டி நறுக்குவதுபோல் குறுக்கே நறுக்கிச் சில சீவல்களை மட்டும் பார்ப்பார்கள். இரண்டு சீவலுக்கு நடுவில் இருப்பது கண்ணில் படாது. உண்மையான ஓரத்தில் 1 சதவீதம்கூட இப்படிப் பார்க்கப்படுவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் ஆபத்துக் குறைவான பேசல் செல்லுக்கே சுற்றிலும் 4 மில்லிமீட்டர் நல்ல தோலைச் சேர்த்து எடுக்கிறார்கள். முதுகில் 4 மில்லிமீட்டர் ஒன்றுமில்லை, அங்கே மோஸ் தேவையும் இல்லை. இமை ஓரத்திலோ மூக்குத் துளை விளிம்பிலோ அது பெரிய நஷ்டம்.

மோஸில் ஓரமும் அடியும் முழுக்கப் பார்க்கப்படுகின்றன. முதல் தடவை வந்த பேசல் செல்லுக்கு ஐந்து வருடக் குணம் சுமார் 99 சதவீதம், வழக்கமான வெட்டில் 90 சதவீதம் அளவு. ஒரு தடவை எடுத்தும் திரும்பி வந்ததற்கு வித்தியாசம் இன்னும் கூடும்.

கேள்வி: புற்றை எரித்தெடுக்கும் கறுப்புக் களிம்பு ஒன்று ஆன்லைனில் கிடைக்கிறது. மோஸ் அறுவையைத் தொடங்கிய டாக்டர் மோஸ் கண்டுபிடித்ததே அதுதான் என்று போட்டிருக்கிறார்கள். உண்மையா?

பாதி உண்மை. ஆபத்தான பாதி அது.

ஃப்ரெடரிக் மோஸ் அமெரிக்காவின் விஸ்கான்சினில் மருத்துவம் படிக்கும்போதே எலிகளின் கட்டிகளில் பல ரசாயனங்களைச் செலுத்திப் பார்த்தவர். ஜிங்க் குளோரைடு பட்ட திசு செத்துப்போனாலும், அதன் அமைப்பு மைக்ராஸ்கோப்பில் அப்படியே தெரிந்தது. அதை வைத்து ஒரு களிம்பு செய்து, 1936-ல் நோயாளிகளுக்குச் செய்யத் தொடங்கினார். களிம்பு தடவி, கெட்டியான திசுவை வெட்டி, மைக்ராஸ்கோப்பில் தேடினார். களிம்பு அவருக்குப் புற்றைத் தேட உதவிய ஒரு வழி, அவ்வளவுதான். அதன் எரிச்சலில் நோயாளிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. 1970-களில் களிம்பே இல்லாமல், இன்று நாங்கள் செய்வதுபோல் உறையவைத்துப் பார்க்கும் முறை பரவியது.

ஆன்லைன் களிம்பில் மைக்ராஸ்கோப் எங்கே இருக்கிறது? மேல் தோல் பொருக்குத் தட்டி விழுந்து, புதுத் தோல் மூடிவிடும். அடியில் புற்று வளர்ந்துகொண்டே இருக்கலாம். தயவுசெய்து வாங்காதீர்கள், வாங்கியிருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: மேடம், திருச்சியிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 62 வயது. மூக்கின் பக்கவாட்டில் கறுப்பாக ஒரு மச்சம், இரண்டு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. முகம் கழுவித் துடைக்கும்போது சில சமயம் ரத்தம் வருகிறது. லேசரில் எடுத்துவிடலாம் என்கிறார் ஒருவர்.

தம்பி, லேசருக்கு இப்போது சம்மதிக்காதீர்கள். வளர்கிற, ரத்தம் கசிகிற, ஆறாத எதையும் முதலில் பயாப்ஸி செய்ய வேண்டும். லேசரில் எரித்துவிட்டால் பரிசோதிக்க ஒன்றும் மிஞ்சாது. நம் நிறத்தவருக்கு வரும் பேசல் செல் பெரும்பாலும் கறுப்பாகவே இருக்கும், அதனால் மச்சம், மரு என்று நினைத்து வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். பேசல் செல்லாக இருந்தால் வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது, அந்த அளவில் பயப்பட வேண்டாம். ஆனால் விட்டால் மூக்கின் குருத்தெலும்பு வரை அரித்துக்கொண்டு போகும்.

தோல் மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். பேசல் செல் என்று வந்தால் மோஸ் செய்யும் இடம் கேளுங்கள். இந்தியாவில் அது மிகச் சில இடங்களில்தான் இருக்கிறது. கிடைக்காவிட்டால் அறுவை மருத்துவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: வெட்டும்போதே ஓரத்தை உறையவைத்துப் பார்ப்பீர்களா? இல்லையென்றால், ரிப்போர்ட் வரும்வரை காயத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பிறகு மூட முடியுமா? பக்கத்துத் தோலைத் திருப்பி மூடியபின் புற்று மிச்சம் என்று ரிப்போர்ட் வந்தால், அது எந்த மூலையில் என்று தேடுவது பெரும்பாடு. பயாப்ஸி முடிவு வந்ததும் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

கேள்வி: அப்பாவுக்கு உள்ளங்காலில் மெலனோமா என்ற இன்னொரு வகைத் தோல் புற்று. மோஸ் செய்யலாமா?

உள்ளங்கால் மெலனோமாவுக்கு அகலமாக வெட்டி எடுப்பதுதான் வழக்கமான சிகிச்சை. உறையவைத்த சீவலில் மெலனோமா செல்லை அடையாளம் காண்பது கடினம். முகத்தில் வரும் சில ஆரம்பநிலை மெலனோமாவுக்குத் தனிச் சாயங்களோடு சிலர் மோஸ் செய்கிறார்கள். அப்பாவுக்கு நாளைக் கடத்தாமல் புற்றுநோய் மருத்துவர் சொல்வதைச் செய்யுங்கள்.

கேள்வி: ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். நிறுத்திவிட்டுப் போகட்டுமா?

நீங்களாக நிறுத்தவே கூடாது. பெரும்பாலும் தொடரத்தான் சொல்வார்கள். என்ன மாத்திரை, எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்குக் கண்ணின் உள்மூலையில் மோஸ் முடிந்தது. தையல் போடாமலே அனுப்பிவிட்டார்கள். குழி அப்படியே இருக்கிறது, கண்ணாடி பார்க்கவே பயமாக இருக்கிறது.

புரிகிறது. ஆனால் உங்களை யாரும் அப்படியே விட்டுவிடவில்லை. கண்ணின் உள்மூலை, நெற்றிப்பொட்டு, காது மடல் குழிவு மாதிரி உள்வாங்கிய இடங்கள் தானாக ஆறும்போது பல சமயம் தையலைவிட நன்றாக வரும். அடியிலிருந்து சிவப்பாகச் சதை ஏறி, ஓரத்திலிருந்து தோல் மூடிக்கொண்டு வரும். சில வாரங்கள் ஆகும். காயத்தைக் காயவிடாதீர்கள். சொன்னபடி தினமும் கழுவி, மெல்லிதாக வாஸ்லின் தடவி மூடுங்கள். வலி கூடினாலோ சீழ் வந்தாலோ அன்றே போன் பண்ணுங்கள்.